எழுதுகோலும் பிழைப்பும்: நெய்யாற்றின்கரை கே. இராமகிருஷ்ண பிள்ளையை முன்வைத்துத் தென் திருவிதாங்கூர் எழுத்தாளர் வாழ்வு பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

இலக்கிய வரலாறுகள் நூல்களைப் பேசுகின்றன. நூலாசிரியரின் வாழ்க்கையையும் ஓரளவு பேசுகின்றன. அந்நூலாசிரியர் எதனால் உண்டு உடுத்து வாழ்ந்தார் என்பதை அவை பெரும்பாலும் பேசுவதில்லை. ஒருவர் எதை எழுதினார், எதை எழுதாமல் விட்டார் என்பதை அறிய, அவருக்குச் சோறளித்தவர் யார் என்ற வினாவும் துணை செய்யும். எவரிடமும் நிலையான பணியில் அமராமல், எழுத்தையே தொழிலாகக் கொண்டு வாழ முயல்பவரை இக்கட்டுரை ‘தன்னுரிமை எழுத்தாளர்’ என்னும் சொல்லால் குறிக்கிறது.

இன்று கேரளத்தின் தென்கோடியாக விளங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி இவ்வாய்வுக்குப் பொருத்தமான களமாகும். தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் வழங்கும் ஊர்கள் அங்கு உள்ளன. அப்பகுதியிற் பிறந்த கே. இராமகிருஷ்ண பிள்ளை (1878–1916) மலையாள இதழியலில் எழுத்தை நம்பியே வாழத் துணிந்தவர். ‘சுதேசாபிமானி’ என்னும் இதழின் பெயராலேயே அறியப்படும் அவருடைய வாழ்க்கையை நடுவாக வைத்து, அவர் காலத்துத் தமிழ் எழுத்தாளர் நிலையோடும் பிற்காலத்துத் தென் திருவிதாங்கூர்த் தமிழ் எழுத்தாளர் நிலையோடும் ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கொடையும் சம்பளமும்

எழுத்தறிவுக்கும் சோற்றுக்கும் இடையிலான உறவு இப்பகுதியில் மிகப் பழையது. பாறசாலைக்குத் தெற்கே, முஞ்சிறையை அடுத்துள்ள பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் கி.பி. 866இல் ஒரு விண்ணகரமும் சாலையும் நிறுவிய செய்தியை அவனுடைய செப்பேடு தெரிவிக்கின்றது. காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்ட அச்சாலையில் 95 சாத்திரர்களுக்கு இடம் வகுக்கப்பட்டிருந்தது. அவர்களுடைய உணவுக்கும் இருப்புக்கும் நிலவருவாய் ஒதுக்கப்பட்டது. அவர்கள் நடந்துகொள்ள வேண்டிய முறையும் அச்செப்பேட்டிலேயே விதிக்கப்பட்டது. அளிப்பவரே ஒழுங்கையும் வகுப்பார் என்னும் நெறி அன்றே நிலைபெற்றிருந்தமை இங்குக் கருதத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொடையின் இடத்தைச் சம்பளம் பெற்றது. திருவிதாங்கூர் அரசின் கல்வித்துறையும் நிருவாகத்துறையும் படித்தவர்களுக்குப் பணியளித்தன. 1891இல் ‘மனோன்மணீயம்’ வெளியிட்ட பெ. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் மெய்யியல் பேராசிரியராக விளங்கினார். தேரூரிற் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1931இல் ஓய்வு பெறும் வரை ஆசிரியப் பணி செய்தார். மலையாள மகாகவியாகப் போற்றப்பெற்ற உள்ளூர் பரமேசுவர ஐயர் அரசின் உயர் அலுவலராக இருந்தார். இவர்கள் எவரும் எழுத்தை விற்று வாழவில்லை. வாழ வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. ஆயினும் அரசுப் பணியில் இருப்பவர் அரசைப் பற்றி அச்சில் எழுத இயலாது. இவ்வெல்லையை மீற விரும்பியவர் சம்பளத்துக்கு வெளியே வேறொரு பிழைப்பைத் தேட வேண்டியிருந்தது. அச்சு இதழ் அதற்கு வழி திறந்தது.

2. நெய்யாற்றின்கரையிலிருந்து புறப்பட்டவர்

இராமகிருஷ்ண பிள்ளை 1878 மே 25இல் நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூரிற் பிறந்தார். நெய்யாற்றின்கரையிலும் திருவனந்தபுரத்திலும் கல்வி கற்றார். பட்டப்படிப்பை முடிக்கும் முன்னரே, 1899இல், ‘கேரள தர்ப்பணம்’ என்னும் இதழின் ஆசிரியரானார். அக்காலத்தில் பட்டம் பெற்ற இளைஞர் ஒருவர் அரசு அலுவலை நாட வழியிருந்தது. அவ்வழியை விட்டு இதழியலை அவர் தேர்ந்தமை, வருவாய் நோக்கில் இறங்குமுகமான முடிவே எனலாம்.

அதன்பின் அவர் பணியாற்றிய இதழ்களை வரிசைப்படுத்தி நோக்கினால் ஒரு செய்தி புலப்படும். 1901இல் ‘கேரள பஞ்சிகா’வின் ஆசிரியரானார்; 1903இல் அதிலிருந்து விலகினார். ‘நசுராணி தீபிகா’, ‘மலையாள மனோரமா’ முதலிய இதழ்களிலும் கட்டுரைகள் எழுதினார். பின்னர்க் கொல்லத்தில் ‘மலையாளி’ இதழின் ஆசிரியராக அமர்ந்தார். இதழின் உரிமையாளர்களோடு கருத்து வேறுபட்டு அதனையும் விட்டார். 1905இல் ‘கேரளன்’ என்னும் இதழைத் தாமே தொடங்கினார். 1906 சனவரியில் ‘சுதேசாபிமானி’யின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். ஏழாண்டுகளுக்குள் ஐந்து இதழ்கள். இதனை நிலையின்மை என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. எழுதுபவர் ஒருவர், அச்சுக்கூடத்தின் உடைமையாளர் வேறொருவர் என்னும் அமைப்பில், கருத்து வேறுபாடு எழும்போதெல்லாம் வெளியேற வேண்டியவர் எழுதுபவரே. அவருடைய இதழ்வரிசை இவ்வுண்மையின் பதிவாகும்.

3. ஆசிரியரும் உடைமையாளரும்

‘சுதேசாபிமானி’யை 1905 சனவரி 19இல் அஞ்சுதெங்கில் தொடங்கியவர் வக்கம் அப்துல் காதர் மௌலவி. அஞ்சுதெங்கு திருவிதாங்கூர் நிலப்பரப்பின் நடுவே அமைந்திருந்தும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்ட சிற்றூராகும். கொல்லத்தை அடுத்த தங்கசேரியும் அத்தகையதே. அரசனின் ஆணை செல்லாத ஒரு துண்டு நிலத்தில் அச்சுக்கூடத்தை நிறுவுதல் அக்கால இதழாளர் அறிந்து கையாண்ட உத்தியாகும். 1908இல் பாரதியும் ‘இந்தியா’ இதழும் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியான புதுச்சேரிக்குப் பெயர்ந்தமை இதனோடு ஒப்பு நோக்கத்தக்கது. எல்லை என்பது எழுத்தாளர்க்குத் தடையாக இருப்பது போலவே காப்பாகவும் அமைந்தது.

பின்னர் அச்சுக்கூடம் வக்கத்துக்கும், 1907இல் திருவனந்தபுரத்துக்கும் மாற்றப்பட்டது. தலைநகரில் இருந்தால் செய்தி விரைவில் கிடைக்கும், வாசகரும் மிகுதி. ஆனால் அஞ்சுதெங்கு அளித்த காப்பு அங்கு இல்லை. இதழின் வளர்ச்சிக்கும் அதன் பின்னைய அழிவுக்கும் இவ்விடமாற்றமே வழி வகுத்தது எனின் மிகையாகாது.

மௌலவிக்கும் இராமகிருஷ்ண பிள்ளைக்கும் இடையே இருந்த உறவு தனித்து ஆராயத்தக்கது. பொருள் முழுவதும் மௌலவியுடையது. எழுத்தின் உரிமை முழுவதும் பிள்ளையுடையது. உடைமையாளர் ஆசிரியப் பணியில் தலையிடவில்லை. ‘மலையாளி’யில் கிடைக்காத உரிமை இங்குக் கிடைத்தது. அதனைக் கொண்டு பிள்ளை திவான் பி. இராசகோபாலாச்சாரியின் நிருவாகத்தையும் அரண்மனையைச் சூழ்ந்தவர்களின் ஊழலையும் கடுமையாக எழுதினார். இவ்வுரிமை சட்டத்தாலோ ஒப்பந்தத்தாலோ வந்ததன்று. ஒரு தனிமனிதரின் பெருந்தன்மையால் வந்தது. ஆகவே அது மௌலவியின் சொத்து இருக்கும் வரையே இருக்கக்கூடியது.

1910 செப்டம்பர் 26இல் அரசாணையின்படி அச்சுக்கூடம் கைப்பற்றப்பட்டது. பிள்ளை கைது செய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். தெற்கு வழியாகத் திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் திருநெல்வேலிக்குக் கொண்டு செல்லப்பட்டார். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் பெருவழி நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களின் ஊடே செல்வது. நீதிமன்ற விசாரணை எதுவுமின்றி ஒருவருடைய தொழிலும் ஊரும் ஒரே நாளில் பறிக்கப்பட்டன. அச்சுக்கூடத்தை இழந்த மௌலவிக்கு அவர் வாழ்நாளில் அது திரும்பக் கிடைக்கவில்லை. கேரள மாநிலம் உருவான பின்னரே அது குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது.

4. நாடுகடந்த காலமும் நூல் எழுத்தும்

1910 முதல் 1916 வரையிலான காலமே பிள்ளை முழுப்பொருளில் தன்னுரிமை எழுத்தாளராக வாழ்ந்த காலமாகும். சென்னையிலும் பாலக்காட்டிலும் இறுதியில் கண்ணூரிலும் வாழ்ந்தார். கையில் அச்சுக்கூடம் இல்லை. தொடர்ந்து சம்பளம் தரும் இதழும் இல்லை. எழுதி வெளியிடும் நூல்களே எஞ்சிய வழி. தம் நாடுகடத்தலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 1912இல் கார்ல் மார்க்சின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். இந்திய மொழிகளில் மார்க்சைப் பற்றி எழுந்த தொடக்க நூல்களுள் அது ஒன்று. அதே ஆண்டில் ‘விருத்தாந்த பத்ர பிரவர்த்தனம்’ வெளிவந்தது. மலையாளத்தில் இதழியலைப் பற்றி எழுந்த முதல் நூல் என அது போற்றப்படுகின்றது. சாக்ரடீசு, கொலம்பசு, பெஞ்சமின் பிராங்கிளின் ஆகியோர் பற்றியும் எழுதினார்.

இந்நூற்பட்டியல் இரு செய்திகளைத் தெரிவிக்கின்றது. முதலாவது, வாழ்க்கை வரலாறு என்னும் இலக்கிய வகையை அவர் மிகுதியாகக் கையாண்டமை. சிறிய அளவில் விரைந்து எழுதவும், மாணவரிடத்தும் பொது வாசகரிடத்தும் விற்கவும் ஏற்ற வகை அது. இரண்டாவது, தம் தொழிலறிவையே நூலாக்கியமை. இதழ் நடத்த இயலாதவர் இதழ் நடத்தும் முறையைக் கற்பிக்கும் நூலை எழுதினார். செய்தி திரட்டுதல், எழுதுதல், இதழின் கடமை ஆகியவற்றைப் பயிற்சிக்குரிய தொழிலாக அந்நூல் கண்டது. எழுத்தென்பது பிறவி வரம் என்னும் பழைய கருத்துக்கு மாறாக, கற்றுத் தேர்ந்து கூலி பெறத்தக்க தொழில் அது என்னும் கருத்து தென்னிந்திய மொழியொன்றில் விரிவாகப் பதிவானதற்கு இந்நூல் ஒரு சான்றாகும்.

இக்காலத்துக் குடும்ப வாழ்வில் அவருடைய மனைவி பி. கல்யாணி அம்மாவின் பங்கு முதன்மையானது. அவர் தாமே ஓர் எழுத்தாளர்; பெண்களுக்கான ‘சாரதா’ இதழோடு தொடர்புடையவர்; ஆசிரியை. நாடுகடந்த கணவரோடு தாமும் சென்றார். கண்ணூரில் அவர் ஏற்ற ஆசிரியப் பணியே குடும்பத்துக்கு நிலையான வருவாய் தந்தது. 1916 மார்ச் 28இல் பிள்ளை கண்ணூரில் காலமானார். அவ்வாண்டிலேயே கல்யாணி அம்மா ‘வியாழவட்ட நினைவுகள்’ எனப் பொருள்படும் தம் நினைவு நூலை எழுதினார். வியாழன் வான்வட்டத்தை ஒருமுறை சுற்றிவரும் பன்னிரண்டாண்டுக் காலம் அவர்களுடைய இல்லறத்தின் கால அளவாகும். தன்னுரிமை எழுத்தாளரின் வரலாற்றில், அவ்வுரிமையைத் தம் சம்பளத்தால் தாங்கி நின்ற பெண்களின் வரலாறும் அடங்கியிருக்கின்றது என்பதற்கு அந்நூல் கரியாகும்.

5. எழுதுகோல் எட்டாத வீடுகள்

பிள்ளையின் துணிவைப் போற்றும் ஆய்வு, அவர் எழுத்தின் எல்லையையும் சுட்டுதல் கடமையாகும். தாழ்த்தப்பட்ட சமூகக் குழந்தைகளைப் பிற சாதிக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் அமர்த்தும் அரசின் முயற்சியை 1910இல் ‘சுதேசாபிமானி’ எதிர்த்தது. இருதரத்தாரையும் ஒன்றாகப் பூட்டுதல் பொருந்தாது என்னும் பொருளில் அமைந்த அத்தலையங்கம் கேரள வரலாற்றாய்வாளரால் இன்றளவும் விவாதிக்கப்படுகின்றது.

இவ்வெதிர்ப்பு எழுந்த காலத்தில் அவ்வட்டாரத்திலேயே நடந்தவற்றை இணைத்து நோக்க வேண்டும். வெங்ஙானூரிற் பிறந்த ஐயங்காளி (1863–1941) 1907இல் சாது சன பரிபாலன சங்கத்தை நிறுவிப் பள்ளி நுழைவுக்காகப் போராடினார். நெய்யாற்றின்கரைப் பகுதியைச் சார்ந்த ஊரூட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்னும் சிறுமியைச் சேர்க்க அவர் முயன்றபோது கலவரம் மூண்டது, பள்ளி எரிக்கப்பட்டது. ஐயங்காளி எழுத்தறிவு பெற வாய்ப்பில்லாதவர். ஆயினும் திருவிதாங்கூர்ப் பிரசா சபையில் உறுப்பினராகி அமர்ந்து பள்ளிக் கல்வியைக் கேட்டவர்.

எழுதிப் பிழைக்கும் உரிமைக்கு முன்னதாக எழுதப் படிக்கும் உரிமை உள்ளது. நெய்யாற்றின்கரையின் ஒரு வீட்டிலிருந்து மகன் கல்லூரி சென்று இதழாசிரியர் ஆக முடிந்தது. அதே வட்டாரத்தின் வேறொரு குடிசையிலிருந்து மகள் தொடக்கப்பள்ளிப் படியேறவும் முடியவில்லை. பாறசாலை முதலிய இடங்களில் இலண்டன் மிஷன் சங்கத்தார் நடத்திய பள்ளிகளும், நாகர்கோவிலில் அவர்கள் நிறுவிய அச்சுக்கூடமும் இந்நிலையை ஓரளவு மாற்றின. ஆயினும் எழுத்துத் தொழிலின் வரலாற்றை ஆராய்வோர், யார் அத்தொழிலுக்குள் நுழையவே இயலாதிருந்தார் என்பதையும் சேர்த்தே ஆராய்தல் வேண்டும்.

6. தமிழ் ஒப்பீடு: பாரதியும் புதுமைப்பித்தனும்

பாரதியின் வாழ்க்கை பிள்ளையின் வாழ்க்கையோடு பல இடங்களில் ஒத்துச் செல்கின்றது. 1904இல் ‘சுதேசமித்திரன்’ உதவியாசிரியர். 1906 முதல் ‘இந்தியா’. அவ்விதழின் உடைமை மண்டயம் திருமலாச்சாரியாருடையது. ஆங்கிலேய இந்தியாவிற்குள் இதழ் செல்வது தடுக்கப்பட்டதும், 1910இல் ‘இந்தியா’ நின்றது. ஆளைக் காத்த புதுச்சேரி எல்லை, இதழின் சந்தையைக் காக்கவில்லை. 1920இல் தம் நூல்களைத் தாமே பல தொகுதிகளாக வெளியிட எண்ணிப் பொருளுதவி வேண்டி நண்பர்களுக்கு எழுதினார், அத்திட்டம் நிறைவேறவில்லை. 1949இல் அவர் படைப்புகளின் உரிமையைச் சென்னை அரசு பெற்றது. 1955இல் அவை பொதுவுடைமையாயின. எழுதியவர் உயிரோடிருந்தபோது விலைபோகாத எழுத்து, அவர் மறைந்த பின்னர் அரசு பெறத்தக்க சொத்தாயிற்று.

புதுமைப்பித்தன் (1906–1948) அடுத்த தலைமுறையினர். ‘மணிக்கொடி’யில் எழுதியவற்றால் புகழ் கிடைத்தது, பிழைப்பு ‘தினமணி’யின் உதவியாசிரியர் பணியால் நடந்தது. அதிலிருந்து விலகிய பின்னர்த் திரைப்படத்துறையை நாடினார். தமிழில் எழுதிப் பிழைக்க விரும்பியவர்க்குத் திரைப்படம் ஒரு வழியாகத் தோன்றத் தொடங்கிய காலம் அது. ‘இராசமுக்தி’ படப் பணிக்காகப் புனே சென்றவர் காசநோயோடு திரும்பினார். மனைவி கமலாவின் ஊரான திருவனந்தபுரத்தில் 1948 சூன் 30இல் மறைந்தார். நெய்யாற்றின்கரையிற் பிறந்த மலையாள எழுத்தாளர் வடக்கே கண்ணூரிலும், தமிழகத்து எழுத்தாளர் திருவனந்தபுரத்திலும், இருவரும் நாற்பதை ஒட்டிய அகவையில் மறைந்தனர்.

7. கூட்டுறவும் எல்லைக்கோடும்

தனியொருவர் தோற்ற இடத்தில் எழுத்தாளர் கூட்டாகச் செய்த முயற்சி ஒன்று மலையாளத்தில் வென்றது. 1945இல் கோட்டயத்தில் எம்.பி. பால், காரூர் நீலகண்ட பிள்ளை முதலிய பன்னிரு எழுத்தாளர் 120 ரூபாய் முதலீட்டில் சாகித்திய பிரவர்த்தகக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். எழுதுபவரே வெளியீட்டின் உடைமையாளர் என்பது அதன் அடிப்படை. அதே ஆண்டில் பி.என். பணிக்கர் முயற்சியால் திருவிதாங்கூர் நூலகச் சங்கம் ஒருங்கிணைந்தது. ஊர்தோறும் நூலகம், நூல் வாங்க ஒரு நிலையான களம், உரிமத்தொகை வழங்கும் பதிப்பகம் என மூன்றும் ஒருசேர அமைந்தன. இராமகிருஷ்ண பிள்ளைக்கு இல்லாதிருந்தவை இவையே. தமிழகத்தில் 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் நூலகங்களைப் பெருக்கியது. ஆயினும் எழுத்தாளரே உடைமை கொண்ட பதிப்பகம் கோட்டயத்து அளவில் வேரூன்றவில்லை.

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. மார்சல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே மாநில எல்லை விழுந்தது. இதன் அரசியல் விளைவுகள் மிகுதியும் ஆராயப்பட்டுள்ளன. எழுத்தாளர்க்கு நேர்ந்த விளைவு போதிய அளவு ஆராயப்படவில்லை. கேரளத்துத் தமிழ் எழுத்தாளரின் நூலைக் கேரள நூலக அமைப்பு முதன்மையாக நாடாது. தமிழக நூலகச் சந்தைக்கோ அவர் வெளி மாநிலத்தார். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் தொடர்புகொள்ள வழி செய்தது. அது குடிமகனுக்குரிய உரிமை. எழுத்தாளனுக்குரிய சந்தை அன்று.

எனவே, திருவனந்தபுரத்திலும் அதன் தெற்கிலும் தோன்றிய தமிழ் எழுத்தாளர்கள் எழுத்துக்கு வெளியே பிழைப்பை அமைத்துக்கொண்டனர். ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் கடை நடத்தினார். நீல. பத்மநாபன் மின்வாரியத்தில் பொறியாளர். நகுலன் ஆங்கிலப் பேராசிரியர். எல்லையின் இப்பக்கத்தில் சுந்தர ராமசாமி துணிக்கடை நடத்தினார். தோப்பில் முகமது மீரான் வணிகர். பொன்னீலன் கல்வித்துறை அலுவலர். இவர்களுடைய பிழைப்பே இவர்களுடைய எழுத்துக்குக் களமும் ஆயிற்று. கடைத்தெருவில் நின்றவரால்தான் கடைத்தெருவின் கதை எழுதப்பட்டது. சந்தைக்கு எழுத வேண்டிய கட்டாயமின்மை இவர்கள் எழுத்துக்கு ஒருவகை விடுதலையைத் தந்தது. எழுதக் கிடைத்த நேரத்தின் சுருக்கம் அதற்கு இவர்கள் கொடுத்த விலை.

பின்னைய தலைமுறையில், அருமனைப் பகுதியிலிருந்து எழுந்த செயமோகன் தொலைபேசித் துறைப் பணியை விட்டு முழுநேர எழுத்தாளரானார். தமிழிலும் மலையாளத்திலும் எழுதும் திறமும், திரைக்கதை உரையாடல் எழுதும் வாய்ப்பும் அவருக்குத் துணையாயின. புதுமைப்பித்தனை வீழ்த்திய அதே துறை இவரைத் தாங்கியது. இருமொழிப் பகுதியின் பிறப்பு இழப்பாக அமையாமல் முதலாக அமைந்தமைக்கு இது சான்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. எழுத்தாளரின் கருத்துரிமை, அச்சுக்கூடத்தின் உடைமையோடு பிணைந்தது. இராமகிருஷ்ண பிள்ளை பெற்ற உரிமை ஓர் உடைமையாளரின் பெருந்தன்மையைச் சார்ந்திருந்தது. அவ்வுடைமை பறிபோனதும் அதுவும் போயிற்று.

2. எல்லைகள் எழுத்தாளரின் உயிரைக் காத்த இடங்களிலும் சந்தையைச் சுருக்கின. அஞ்சுதெங்கும் புதுச்சேரியும் 1956க்குப் பின்னைய களியக்காவிளையும் வெவ்வேறு வகையில் இதனைக் காட்டுகின்றன.

3. தனியொருவரின் துணிவால் மட்டும் எழுத்துத் தொழில் நிலைபெறவில்லை. கூட்டுறவுப் பதிப்பகமும் நூலகமும் இணைந்த இடத்திலேயே அது நிலைபெற்றது.

4. குடும்பத்தில் மற்றொருவர் ஈட்டிய சம்பளமும், தமக்கே உரிய வேறொரு தொழிலும் எழுத்தாளர் பலரின் உரிமையை மறைவாகத் தாங்கின. கல்யாணி அம்மாவின் ஆசிரியப் பணி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

5. பள்ளி மறுக்கப்பட்டோர் இத்தொழிலின் வாயிலுக்கே வர இயலாதிருந்தனர். இத்தொழிலின் வரலாறு அவர்களையும் உள்ளடக்கி எழுதப்படல் வேண்டும்.

நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதியில் இன்றும் தமிழ் எழுதுவோர் உள்ளனர். அவர்களுடைய நூல்களை இரு மாநில நூலகங்களும் வாங்குவதற்குரிய ஏற்பாடு ஒன்று அமையுமாயின், எல்லைக்கோட்டின் ஒரு தீமையேனும் குறையும். அப்பகுதி எழுத்தாளரின் நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் கள ஆய்வால் தொகுத்தல் தமிழ்த்துறைகள் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.